தேர்ந்தெடுக்க முடியாத எழுத்து

வங்கிக் கணக்கு தொடங்கும்போது கைபேசி கேமரா முன்னால் கண் சிமிட்டச் சொல்கிறார்கள். ஆசிட் வீச்சில் இமைகள் சிதைந்தவர் எப்படிச் சிமிட்டுவார்? பார்வையற்றவர் திரையிலுள்ள வட்டத்துக்குள் முகத்தை எப்படிப் பொருத்துவார்? இந்தக் கேள்விகளோடு வந்த வழக்குகளில் 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டிஜிட்டல் சேவைகளை அணுகுவதும் அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று சொல்லி, 20 வழிகாட்டுதல்களையும் பிறப்பித்தது. அந்தச் செயலிகளை உருவாக்கியவர்கள் யாரையும் விலக்க நினைத்திருக்க மாட்டார்கள். எல்லா உடலும் தங்கள் உடலைப் போலவே இயங்கும் என்று எண்ணிவிட்டார்கள். விலக்கல் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது.

தமிழில் இதே தவறு அன்றாடம் நடப்பது ஆவணங்களில். பார்வையற்றவர்கள் கணினியையும் கைபேசியையும், திரையிலுள்ள எழுத்தைக் குரலில் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் மூலம் பயன்படுத்துகிறார்கள்; என்விடிஏ போன்ற மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் திரைவாசிப்பானுக்கு வேண்டியது எழுத்து; எழுத்தின் படம் அதற்குப் பயன்படாது. அலுவலகத்தில் ஓர் அறிவிப்பைக் கணினியில் தட்டச்சு செய்கிறார்கள், அச்செடுத்துக் கையெழுத்திடுகிறார்கள், பிறகு ஸ்கேன் செய்து பி.டி.எஃப். கோப்பாக இணையத்தில் ஏற்றுகிறார்கள். எழுத்தாகவே இருந்த ஒன்றை உழைத்துப் படமாக்கிவிடுகிறார்கள். பழைய எழுத்துருக்கள் செய்யும் கெடுதல் வேறு வகை. பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று அடித்தால் கணினியில் உண்மையில் பதிவாவது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது காதுக்கு வெறும் பிதற்றல். தமிழக அரசு யூனிகோடு எனும் ஒருங்குறியை 2010-லேயே அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டது. அதன் பிறகும் பழைய எழுத்துருவில் புதிய ஆவணம் தயாரிப்பதற்கு நியாயமே கிடையாது.

கையொப்பம் வேண்டுமே என்பார்கள். டிஜிட்டல் கையொப்பத்தை 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டமே ஏற்றிருக்கிறது. அது முடியாத இடத்தில், ஸ்கேன் பிரதியோடு மூல ஆவணத்தையும் சேர்த்து ஏற்றலாம். செலவாகும், பயனாளிகள் குறைவு என்பது அடுத்த வாதம். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மட்டும் மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ 11.8 லட்சம் பேர். எண்ணிக்கை இதைவிடக் குறைவாக இருந்தாலும் உரிமை சுருங்கிவிடாது. செலவு கூடுவது, கட்டி முடித்த இணையதளத்தைப் பின்னால் திருத்தும்போதுதான். இப்போது புதிதாக ஒரு வாதம் கிளம்பியிருக்கிறது: படத்திலுள்ள எழுத்தைச் செயற்கை நுண்ணறிவு படித்துவிடுமே! படிக்கும், பிழையோடும் படிக்கும். கதையில் ஓர் எழுத்து மாறினால் பொறுத்துக்கொள்ளலாம். விண்ணப்பத்தின் கடைசித் தேதியில் 3 என்பது 8 ஆனால் ஒருவருடைய வேலைவாய்ப்பே போய்விடும். அந்தப் பிழையின் சுமையை வாசகர் தலையில் ஏற்றுவது நியாயமில்லை.

சட்டத்தில் குறையில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் 42-ஆவது பிரிவு, மின்னணு உள்ளடக்கம் அணுகத்தக்கதாக இருக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. ஆனால் அதை நடைமுறைப்படுத்த வந்த விதிகள் வெறும் பரிந்துரைகளாக நின்றன. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், 15-ஆவது விதி சட்டத்துக்கே முரணானது என்று கூறி, கட்டாயத் தரநிலைகளை மூன்று மாதத்தில் வகுக்கும்படி ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டது. அணுகல்தன்மை என்பது அதிகாரியின் கருணையைப் பொறுத்ததாக இருக்கக்கூடாது என்பதே அதன் பொருள்.

அலுவலகத்திலோ பள்ளியிலோ பத்திரிகையிலோ ஆவணம் ஏற்றும் பொறுப்பில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஏற்றுவதற்கு முன் அதிலுள்ள ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்து, நகலெடுத்து, வேறிடத்தில் ஒட்டிப் பாருங்கள். அந்தச் சொல் அப்படியே தமிழில் வராவிட்டால், அந்த ஆவணம் இன்னும் வெளியிடத் தயாராகவில்லை.