வீட்டுத் தோட்டத்தில் ஒரு வியர்வைப் பீப்பாய்!

திருவண்ணாமலைக்காரர்களுக்குச் சூட்டைப் பற்றி யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. அக்னித் தலம்! சித்திரை மாத மத்தியானத்தில் கிரிவலப் பாதையில் வெறுங்காலோடு நாலு அடி வைத்தவர்களுக்கு அது தெரியும். இந்த ஊரில் போய், காசு கொடுத்துச் சூடான அறை ஒன்றை வாங்கி, அதற்குள் உட்கார்ந்து வியர்க்க வேண்டுமா என்று நீங்கள் கேட்பது புரிகிறது. ஆனால், "டாக்டர்... பீப்பாய் மாதிரி ஒண்ணு இருக்காமே, தோட்டத்துல வச்சுக்கலாமா?" என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். முக்கியமாக, பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் பெற்றோர்.

அந்தப் பீப்பாயின் பெயர் சவுனா. பின்லாந்து நாட்டு வழக்கம். 2020-ல் யுனெஸ்கோ அதைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. மர அறைக்குள் அடுப்பு, அடுப்பின் மேல் கற்கள், 80 முதல் 100 டிகிரி வரை சூடு. அவ்வப்போது கல்லின் மேல் ஒரு குவளைத் தண்ணீர். அவ்வளவுதான்.

'நூறு டிகிரியா! வெந்து போக மாட்டோமா?' மாட்டோம். காற்று வறண்டிருப்பதால் வியர்வை உடனுக்குடன் ஆவியாகி உடம்பைக் குளிர்விக்கிறது. நம்முடைய வேது இதற்கு நேர் எதிர். சித்த மருத்துவத்தின் 32 புற மருத்துவ முறைகளில் வேதும் ஒன்று. இலைகளைக் கொதிக்கவைத்து, போர்வைக்குள் ஆவி பிடிப்பது. ஈரக் காற்றில் வியர்வை உலராது; அதனால் 45 டிகிரியே உடம்புக்கு அதிகம். இந்த வித்தியாசம் தெரியாமல் இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்வதில்தான் ஆபத்து.

சரி, வாங்குவதென்றே முடிவு செய்துவிட்டீர்களா? சிலவற்றைப் பார்த்து வாங்குங்கள்.

உருளை வடிவத்தில் மூலைகள் இல்லை; சூடாக்க வேண்டிய காற்று குறைவு, சீக்கிரம் சூடேறும். ஆனால் பெஞ்ச் தாழ்வாக இருப்பதால் தலை வேகும், பாதம் குளிர்ந்திருக்கும். பலரும் இதைச் சொல்வதில்லை. வாங்குமுன் உள்ளே ஏறி உட்கார்ந்து பாருங்கள். பெஞ்ச் எவ்வளவு உயரமோ அவ்வளவு நல்லது.

பலகைகளை இரும்புப் பட்டை இறுக்கிப் பிடித்திருக்கும். நம் ஊர் வெயிலில் மரம் காய்ந்து சுருங்கி இடைவெளி விடும். ஐப்பசி மழையில் ஊறி உப்பும். ஆகவே மேலே தனிக் கூரை வேண்டும், பட்டையை அவ்வப்போது முடுக்கவும் வேண்டும். மண்ணில் நேராக வைத்தால் கரையான் விருந்து! சிமென்ட் மேடை போட்டு, அதன்மேல் தாங்கு கட்டை கொடுத்து வையுங்கள். உள்பக்கம் வார்னிஷ், பெயின்ட், பிளைவுட் எதுவும் கூடாது. சூட்டில் அவற்றின் ஆவியைத்தான் நீங்கள் சுவாசிப்பீர்கள்.

மின் அடுப்பு 6 கிலோவாட் என்றால் சுமார் 26 ஆம்பியர் இழுக்கும். ஏசி மாட்டும் 16 ஆம்பியர் பிளக்கில் சொருகுகிற சமாசாரம் இல்லை. தனி வயர், தனி பிரேக்கர், எர்த் கசிவைத் துண்டிக்கும் கருவி, எல்லாவற்றையும் லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியன்தான் போட வேண்டும். ஒன்றரை மணி நேரம் ஓடினால் 9 யூனிட் வரை போகும், கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். விறகு அடுப்பு என்றால் புகைபோக்கி கட்டாயம். கரி அடுப்பை உள்ளே வைத்துக் கதவைச் சாத்துகிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும், தாழ்ப்பாள் கூடாது. கல்லும் கண்ட கல் ஆகாது. ஆற்றுக் கல் உள்ளே ஈரத்தோடு சூடேறினால் வெடித்துத் தெறிக்கும். (மலையிலிருந்து கல் பொறுக்குகிற எண்ணம் யாருக்காவது இருந்தால், அதையும் விட்டுவிடுங்கள்!)

இனி, உடம்பு விஷயம். என்னிடம் வரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு 20 வருடமாகச் சர்க்கரை. ரத்த அழுத்தத்துக்கு, சிறுநீர் அதிகம் போகச் செய்யும் மாத்திரை. கிரிவலம் போய்வந்தால் முழங்கால் வலி. ஐரோப்பாவிலிருந்து மகன், 'அப்பாவுக்கு நல்லது' என்று பீப்பாய்க்குப் பணம் அனுப்பத் தயாராக இருந்தான். நான் வேண்டாம் என்றேன். அவர் பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிட்டது. அடுப்பு பட்டாலும் தெரியாது. மாத்திரையோடு வியர்வையும் சேர்ந்தால், எழுந்து நிற்கும்போதே அழுத்தம் இறங்கி மயங்கி விழலாம். யாருமில்லாத தோட்டத்தில், சூடான அறைக்குள்! "அந்தப் பணத்துல அம்மாவோட கண்புரையை எடுத்துடலாம் சார்" என்றேன். சிரித்துக்கொண்டே போனவர், அப்படியே செய்துவிட்டார்.

'பின்லாந்தில் இதயத்துக்கு நல்லது என்று ஆராய்ச்சியே வந்ததே?' வந்தது. 2015-ல் வெளியானது. 2,315 ஆண்களைப் பல வருடம் கவனித்ததில், வாரத்துக்கு 4 முதல் 7 தடவை சவுனாவில் இருந்தவர்களிடம் திடீர் இதய மரணம் குறைவாக இருந்தது. ஆனால் அவர்கள் சிறுவயது முதல் பழகியவர்கள், குளிர் தேசத்தார். சவுனாதான் காரணம் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவுமில்லை. அதே பின்லாந்தில் 2010-ல், யார் அதிக நேரம் தாங்குவது என்று 110 டிகிரியில் போட்டி வைத்து, இறுதிச்சுற்றில் ஒருவர் இறந்தே போனார். பழகினவர்தான்!

அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், நெஞ்சுவலி உள்ளவர்கள், கர்ப்பிணிகள், காய்ச்சல் இருப்பவர்கள், மது அருந்தியவர்கள் உள்ளே போகவே கூடாது. குழந்தைக்காகச் சிகிச்சை எடுக்கும் ஆண்களும் தவிர்க்கலாம். சூடு விந்தணுக்களைக் கொஞ்ச காலத்துக்குக் குறைக்கும். 'உடம்புக் கழிவெல்லாம் வியர்வையில் போய்விடும்' என்று விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள். வியர்வை பெரும்பாலும் தண்ணீரும் உப்பும்தான். கழிவை அகற்றுவது சிறுநீரகத்தின் வேலை. குறைகிற எடையும் ஒரு செம்பு தண்ணீர் குடித்தால் திரும்பி வந்துவிடும்.

நல்ல ஆரோக்கியம் உள்ளவருக்கு, தசைப்பிடிப்புக்கும் அலுப்புக்கும் வெப்பம் இதமானது, மறுக்கவில்லை. அதற்குச் சில லட்சம் தேவையா என்பதுதான் என் கேள்வி. உள்ளூர் ஆசாரியிடம் சொல்லி, ஒருவர் ஸ்டூல் போட்டு உட்காரும் அளவுக்கு மரப்பெட்டி செய்யச் சொல்லுங்கள். முன்பக்கம் கதவு, மேலே கழுத்துக்கு ஓட்டை. தலை வெளியே இருப்பதால் மூச்சு திணறாது. வெளியே பிரஷர் குக்கர். வெயிட்டை எடுத்துவிட்டு, அங்கிருந்து ஒரு ரப்பர் குழாய் பெட்டிக்குள். நொச்சி, வேப்பிலையைக் குக்கருக்குள் போடாதீர்கள், இலைத் துணுக்கு துளையை அடைத்துவிடும். துணியில் தளர்வாக முடிந்து, குழாயின் வாய்க்கு முன்னால் வையுங்கள். குழாய் காலைப் பார்த்து இருக்கக் கூடாது. பத்து நிமிடம் போதும். தலை கிறுகிறுத்தால் உடனே வெளியே வந்துவிட வேண்டும். வீட்டில் ஒருவர் பக்கத்திலேயே இருக்கட்டும். முடிந்ததும் துடைத்துக்கொண்டு கொஞ்சம் உட்கார்ந்து, தண்ணீரோ மோரோ குடித்துவிட்டு, அரை மணி கழித்து வெதுவெதுப்பான நீரில் குளிக்கலாம்.

மார்கழி, தை மாத மாலை வேளைதான் இதற்குத் தோது. பங்குனி பிறந்துவிட்டால் பெட்டியை நன்றாகத் துடைத்துக் காயவைத்து, உள்ளே ரெண்டு கைப்பிடி காய்ந்த வேப்பிலை போட்டு மூடி வைத்துவிடுங்கள்.