பழவேற்காட்டுக்கு ஒரு பகல்: எந்தக் கரைக்குச் செல்வது?

ஒரே பகலில் சென்று திரும்பும் பயணத்திற்கு இடம் தேடுவோர் பெரும்பாலும் தொலைவை மட்டுமே கணக்கில் கொள்கின்றனர். மெக்சிகோவின் கடற்கரைச் சுற்றுலா நகரமான கான்குனில், ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிச்சென் இட்சா என்ற மாயர் காலத்து நகர இடிபாடுகளுக்கு விடுதி வாயிலிலிருந்தே பேருந்துகள் புறப்படுவதால், பயணியின் நேரத்தைப் பிறரே வகுத்துவிடுகின்றனர். சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டரில் இருக்கும் பழவேற்காட்டுக்கு அத்தகைய வசதி குறைவு. அங்கே எதைக் காண்பது, எதை விடுவது என்பதைப் புறப்படும் முன்பே முடிவு செய்தாக வேண்டும்.

ஆற்றுநீரும் கடல்நீரும் கலந்து நிற்கும் பழவேற்காட்டு உவர்நீர்க் காயல், இந்தியாவில் ஒடிசாவின் சிலிக்கா காயலுக்கு அடுத்துப் பெரியது; அதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் உள்ளது. பூநாரைகளுக்காகச் செல்வோர் தமிழ்நாட்டுக் கரையில் ஏமாற்றம் அடைவதுண்டு. ஆழமற்ற நீரில் அவை கூட்டமாக இரைதேடுவதை, நவம்பர் முதல் பிப்ரவரி வரை, சூலூர்ப்பேட்டையிலிருந்து காயலைக் குறுக்கே கடந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குச் செல்லும் சாலையோரத்தில் நன்றாகக் காணலாம். இரு கரைகளையும் ஒரே பகலில் அடக்க முயன்றால் பகலின் பெரும்பங்கு வண்டியிலேயே கழியும்.

பழவேற்காட்டு ஊரைத் தேர்ந்தெடுப்போருக்குக் கிடைப்பது வேறு. 1613-இல் ஒல்லாந்தர் கட்டிய கெல்டிரியா கோட்டை இன்று புதர் மண்டிய மேடாகவே எஞ்சியிருந்தாலும், வாயிலில் எலும்புக்கூடுகள் செதுக்கப்பட்ட அவர்களது கல்லறைத் தோட்டம் அப்படியே நிற்கிறது. 1690 வரை சோழமண்டலக் கரையில் ஒல்லாந்தரின் தலைமையிடமாக விளங்கிய இத்துறைமுகத்திலிருந்து துணிகள் மட்டுமல்லாமல், அடிமைகளாக்கப்பட்ட மனிதர்களும் கப்பலேற்றப்பட்டனர் என்பதை அறிந்து பார்க்கையில், அக்கல்லறைகளின் செல்வச் செழிப்பு எங்கிருந்து வந்தது என்ற கேள்வி தானாக எழும்.

ஆயினும் கோட்டையைவிடக் கவனிக்கத்தக்கது மீன்பிடி வாழ்க்கையே. எக்குப்பத்தினர் எந்த நாளில் எவ்விடத்தில் இறாலுக்கு வலை கட்டலாம் என்பதை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் 'பாடு' என்னும் ஏற்பாடு இங்கே தலைமுறைகளாக இருந்துவருகிறது; அதற்குப் புறத்தே, இருளர் பெண்கள் முழங்காலளவு நீரில் கைகளாலேயே இறாலைத் தடவிப் பிடிக்கின்றனர். வெளியாருக்கு வெறும் நீர்ப்பரப்பாகத் தோன்றும் இடம், உரிமைகளால் நுட்பமாகப் பங்கிடப்பட்டிருக்கிறது.

படகுச் சவாரியைக் கைவிடுவதே அறிவுடைமை. காயல் கடலைச் சேரும் வாயாகிய முகத்துவாரம் கோடையில் மணலால் தூர்ந்துபோவதும், திறந்திருக்கும்போது நீரோட்டம் வேகமாக இருப்பதும் இயல்பு. 2011 டிசம்பர் 25 அன்று சுற்றுலாப் பயணிகள் சென்ற படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். கரையிலேயே இருந்து காலை மீன் ஏலத்தைக் காண்பதில் அத்தகைய ஆபத்து இல்லை. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவுகலம் புறப்படும் நாள்களில் மட்டும், படகுகள் கடலுக்குச் செல்லத் தடை விதிக்கப்படுவதால், ஏலத்தை எதிர்பார்த்துச் செல்வது வீண்.