100 நாள்... கையில் பிட்காயின் மட்டும்! ஒரு புதுமணத் தம்பதியின் ஆவணப்படம் சொல்வது என்ன?

கல்யாணம் முடிந்து ஹனிமூனும் போய் வந்தாச்சு. அடுத்து என்ன? வாடகை, மளிகை, பெட்ரோல்னு வழக்கமான வாழ்க்கைதான். ஆனால், அமெரிக்காவின் யூட்டா மாகாணத்தில், ப்ரோவோ நகரில் வசித்த ஆஸ்டின் கிரெய்க் – பெக்கி தம்பதி 2013-ல் ஒரு விபரீத முடிவு எடுத்தார்கள். அடுத்த 100 நாளைக்கு டாலர் கிடையாது, கிரெடிட் கார்டு கிடையாது. எல்லாச் செலவும் பிட்காயினில் மட்டும்தான். அதை அப்படியே படமாக எடுப்பது என்பது திட்டம். பெயர், ‘லைஃப் ஆன் பிட்காயின்’.

படத்துக்கான பணத்தை கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் மக்களிடம் திரட்டினார்கள். இலக்கு 70,000 டாலர். இலக்கைத் தாண்டியே வசூலானது. வேடிக்கை என்னவென்றால், கிக்ஸ்டார்ட்டர் வாங்கியது டாலர்தான். டாலர் இல்லாமல் வாழும் படத்துக்கு முதல் போட்டதே டாலர்!

யார் ‘சரி’ சொல்ல முடியும்?

இன்றைக்கு கிரிப்டோ என்றால் ஆப், எக்ஸ்சேஞ்ச், சார்ட் என்று போகிறோம். 2013-ல் கடைக்காரரிடம் முதலில் ‘பிட்காயின்னா என்ன’ என்பதில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். இங்கேதான் ஒரு சுவாரஸ்யமான சிக்கல். முதலாளியே கல்லாவில் உட்கார்ந்திருக்கும் சின்னக் கடை என்றால் பேசிப் பார்க்கலாம். அவருக்குப் பிடித்திருந்தால் போனில் ஒரு வாலட் போட்டுக்கொண்டு, க்யூஆர் கோடைக் காட்டிவிடுவார். சங்கிலித் தொடர் சூப்பர் மார்க்கெட்டின் கேஷியர் என்ன செய்வார் பாவம்? அவருக்கு ஆர்வம் இருந்தாலும் பில்லிங் மெஷினில் அப்படி ஒரு பட்டனே இல்லை. பெட்ரோல் பங்க்கிலும் இதே கதைதான். ஆக, இது தொழில்நுட்பப் பிரச்னை என்பதைவிட, ‘சரி’ சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்ற பிரச்னை.

இதற்கு ஒரு குறுக்குவழியும் இருந்தது. பிட்காயின் கொடுத்து பெரிய கடைகளின் கிஃப்ட் கார்டு வாங்கலாம். ‘ஜிஃப்ட்’ போன்ற செயலிகள் 2013-லேயே அதைத் தந்தன. ‘பிட்பே’ நிறுவனம் வாடிக்கையாளரிடம் பிட்காயின் வாங்கி, கடைக்காரருக்கு டாலராகவே கொடுத்தது. வசதிதான். ஆனால் கடைசியில் கடைக்காரர் கைக்குப் போவது டாலர் என்றால், அது பிட்காயினில் வாழ்வதா, நடுவில் ஒரு தரகரை வைத்துக்கொண்டு டாலரில் வாழ்வதா? நேர்மையாகப் பார்த்தால் இரண்டாவதுதான்.

ப்ரோவோவோடு நிற்கவில்லை. நியூயார்க், ஸ்டாக்ஹோம், பெர்லின், சிங்கப்பூர் என்று சுற்றினார்கள். சொந்த ஊரில் தெரிந்த முகத்தை வைத்துக் கடன் சொல்லலாம். வெளியூரில் பசித்தால் அது நடக்காது.

பத்து காயின் சுஷி

இவர்களுக்குச் சில மாதம் முன்பே, 2013 மே மாதத்தில், ஃபோர்ப்ஸ் பத்திரிகையாளர் கஷ்மீர் ஹில் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு வாரம் பிட்காயினில் மட்டும் வாழ்ந்து எழுதினார். வீட்டு ஓனர் பிட்காயின் வாங்காததால் வீட்டையே விட்டு வெளியே தங்கினார். கிடைத்ததைச் சாப்பிட்டு எடையும் குறைந்தது. கடைசி நாள், முன்பின் தெரியாத பிட்காயின் ஆர்வலர்களுக்கு சுஷி விருந்து வைத்தார். செலவு சுமார் 10 பிட்காயின், அன்றைய மதிப்பில் ஆயிரம் டாலருக்குப் பக்கம். 2017 டிசம்பரில் ஒரு பிட்காயின் 19,000 டாலரைத் தொட்டபோது, அதே பில் 1,90,000 டாலர்!

கிரெய்க் தம்பதியின் கணக்கும் இப்படித்தான். ஜூலை இறுதியில் ஆரம்பித்தபோது ஒரு பிட்காயின் சுமார் 100 டாலர். நடுவில், அக்டோபர் தொடக்கத்தில், கள்ளச்சந்தைத் தளமான ‘சில்க் ரோடு’வை எஃப்.பி.ஐ முடக்கியது; விலை சரிந்து, மீண்டது. நவம்பர் தொடக்கத்தில் 200 டாலரைத் தாண்டியது. அந்த மாத இறுதியிலேயே 1,000 டாலர். அதாவது ஜூலையில் 40 டாலருக்கு வாங்கிய மளிகை, நவம்பர் கணக்கில் 400 டாலர். நாளைக்குப் பத்து மடங்காகும் என்று தெரிந்தால் இன்றைக்கு அதில் யாராவது பாலும் முட்டையும் வாங்குவார்களா? விலை ஏற ஏற, பிட்காயினைப் பூட்டி வைக்கத்தான் தோன்றும். வெறும் செலவுப் பணமாக அது பழகாமல் போனதற்கு இது முக்கியமான காரணம்.

அப்புறம் வரி வந்தது

2014 மார்ச்சில் அமெரிக்க வருமான வரித் துறை, கிரிப்டோவைப் பணமாக அல்ல, சொத்தாகவே கருதுவோம் என்று அறிவித்தது. விளைவு? ஒரு காபி வாங்கினாலும் அது சொத்தை விற்றதற்குச் சமம். எப்போது என்ன விலைக்கு வாங்கிய காயின், இப்போது என்ன விலை என்று லாபக் கணக்கு எழுத வேண்டும். இந்தியாவிலும் 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30% வரி. நூறு நாள் டீச் செலவுக்கு ஆடிட்டர் வைக்க வேண்டிய நிலைமை!

ஒரு நாடே இதை முயன்று பார்த்தது. 2021 செப்டம்பரில் எல் சால்வடார் பிட்காயினைச் சட்டபூர்வ நாணயமாக்கி, கடைகள் வாங்கியே ஆக வேண்டும் என்றது. 2025 ஜனவரியில் சட்டத்தைத் திருத்தி, விருப்பமிருந்தால் வாங்கலாம் என்று மாற்றிவிட்டது. சர்வதேச நாணய நிதியத்தின் கடன் ஒப்பந்தம் அதற்கு ஒரு காரணம். இப்போது அங்கேயும் ஒரு டீக்கடைக்காரர் ‘வேண்டாம், டாலர் கொடுங்க’ என்று சொல்லலாம். ப்ரோவோவில் 2013-ல் அந்தத் தம்பதி கேட்ட அதே பதில்.