தேடி வருகிறவர்களை நம் கடைக்கும் வரவழைக்கலாம்

நவராத்திரி சமயத்தில் மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் கொலு பொம்மை வாங்க வரும் கூட்டத்தை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். அங்கே கடை போட ஊரிலிருந்து வேனில் சரக்கு ஏற்றி வருகிறோம். இடம் கிடைப்பதோ கடைசி மூலையில். ஜனங்கள் முன்வரிசைக் கடைகளிலேயே பையை நிரப்பிக்கொண்டு போய்விடுகிறார்கள். வண்டி வாடகைகூட எழாமல் திரும்பினால், குழுவில் வாங்கிய கடனுக்கு என்ன பதில் சொல்வது?

மூலையில் இருக்கும் கடைக்கு ஆளை வரவழைக்க, வெளிநாட்டு விளையாட்டு ஒன்றிலிருந்து நாம் கற்றுக்கொள்ளலாம். அதன் பெயர் ஜியோகேச்சிங். அது என்னங்க என்கிறீர்களா? நம்ம பிள்ளைகள் ஆடும் கண்ணாமூச்சி மாதிரிதான். ஒளிந்திருப்பது ஆள் இல்லை, ஒரு டப்பா.

பூமியில் ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு எண்கள் உண்டு. மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயிலுக்கு வடக்கு 13.03, கிழக்கு 80.27. புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் மட்டும் சொன்னால் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் அளவுக்குத்தான் இடம் புரியும். ஐந்து இலக்கம் சொன்னால் ஒரு மீட்டர் வரை சொல்லலாம். செயற்கைக்கோள் உதவியோடு இந்த எண்களை நம் செல்போனே காட்டுகிறது, சில மீட்டர் முன்னே பின்னே இருக்கும்.

2000-ஆம் ஆண்டு மே மாதம் 2-ஆம் தேதி வரை, பொதுமக்களுக்குக் கிடைத்த இந்தக் கணக்கை அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிசகாக வைத்திருந்தது. அதை நிறுத்திய மறுநாளே ஆரகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் காட்டுக்குள் ஒரு வாளியை வைத்து, அதன் எண்களை எல்லோருக்கும் அறிவித்தார். ஆட்கள் தேடிப் போய்க் கண்டுபிடித்தார்கள். இன்று உலகம் முழுக்க 30 லட்சத்துக்கு மேல் இப்படி டப்பாக்கள் இருக்கின்றன. உள்ளே ஒரு சிறு நோட்டு இருக்கும். கண்டுபிடித்தவர் பெயரும் தேதியும் எழுதிவிட்டு டப்பாவை அங்கேயே வைத்துவிட வேண்டும்.

இந்த டப்பாவில் கடை விளம்பரம் வைக்கக் கூடாது என்பது இதை நடத்தும் நிறுவனத்தின் விதி. ஆனாலும் தேடி வருகிறவருக்குப் பசிக்கும், தாகம் எடுக்கும். பக்கத்துக் கடைக்கு வியாபாரம் ஆகிறது. பல ஊர்களில் சுற்றுலாத் துறையினரே அனுமதி பெற்று இப்படி வழித்தடங்கள் போட்டு ஆட்களை வரவழைக்கிறார்கள்.

ஆனால் நாம் எங்கேயும் டப்பா வைக்கவே வேண்டாம். 2011-இல் இங்கிலாந்தில் வெதர்பி என்ற ஊரில் இப்படி வைத்த ஒரு டப்பாவை வெடிகுண்டு என்று பயந்து, ராணுவத்தினர் வந்து வெடிக்கச் செய்தார்கள். கோயில் வாசலிலும் ரயில் நிலையத்திலும் கேட்பாரற்ற பொருளைக் கண்டால் போலீசுக்குச் சொல்லுங்கள் என்று நம்ம ஊரில் அறிவிப்பே இருக்கிறது. தேட வைக்கும் ஆசையை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

எப்படி? வீதி முனையில் நம் உறுப்பினர் ஒருவர் நின்று ஒரு சீட்டு கொடுக்கட்டும். "கோபுரம் கிழக்கே உயர்ந்து நிற்கிறது, சாமி பார்ப்பதோ மேற்கே. அந்தப் பக்கம் இருப்பது என்ன?" விடை, கோயில் குளம். குளக்கரையில் இன்னொரு உறுப்பினர் அடுத்த சீட்டோடு நிற்பார். மூன்றாவது சீட்டின் விடை நம் கடை. வந்தவருக்கு ஒரு சிறு பொட்டலம் அப்பளம் இனாம். வாங்கினால்தான் பரிசு என்று சொல்லாதீர்கள், பிள்ளைகள் முகம் வாடிவிடும். பெற்றோரும் அப்படியே திரும்பிவிடுவார்கள்.

இறங்குவதற்கு முன் கணக்குப் போடுங்கள். 5 ரூபாய்ப் பொட்டலம் 50 என்றால் 250 ரூபாய், சீட்டு ஜெராக்ஸ் 30 ரூபாய். வருகிற 50 பேரில் 10 பேர் வாங்கி, ஆளுக்கு 30 ரூபாய் லாபம் நின்றால் 300. கையில் மிஞ்சுவது 20 ரூபாய்தான். ஐந்தே பேர் வாங்கினால் 130 ரூபாய் நஷ்டம். அதனால் முதல் நாள் 20 சீட்டோடு நிறுத்திப் பாருங்கள்.

சரக்கை இறக்கியதும் செல்போன் வரைபடத்தில் கடை இருக்கும் இடத்தை விரலால் அழுத்திப் பிடியுங்கள். சிவப்புக் குறி விழும். அதை வாட்ஸ்அப்பில் தெரிந்தவர்களுக்கு அனுப்பலாம், செலவு கிடையாது. டப்பாவில் வைப்பது போல நம் கடையிலும் ஒரு நோட்டு இருக்கட்டும். வந்தவர் பெயர், என்ன கேட்டார், சம்மதித்தால் போன் நம்பர். அடுத்த நவராத்திரிக்கு முதல் தகவல் அவர்களுக்குத்தான்.