புள்ளி அட்டை காட்டும் வழி: இடையன்குடி ரேந்தையை எப்படிப் பின்னுவது?

மேஜை விரிப்பின் ஓரத்தில் தைக்கும் லேஸ், இன்று ஜவுளிக்கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கிறது. எல்லாம் மெஷின் வேலை. கையால் பின்னிய லேஸுக்குத் தென்கோடியில் ‘ரேந்தை’ என்றொரு பெயர் உண்டு. லேஸைக் குறிக்கும் ‘ரெந்தா’ என்ற போர்ச்சுகீசியச் சொல்லிலிருந்து வந்தது அது. திருநெல்வேலி மாவட்டத்தில் இந்தக் கைவேலைக்குப் பேர்போன ஊர் இடையன்குடி.

இங்கே எப்படி வந்தது?

1819இல் லண்டன் மிஷன் சார்பில் நாகர்கோவிலுக்கு வந்தவர்கள் சார்லஸ் மால்ட், மார்த்தா மால்ட் தம்பதி. மார்த்தா அங்கே பெண் பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவர்களின் மகள் எலிசா, 1844இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்கு வந்தார். தாமிரபரணித் தண்ணீர் எட்டாத தேரிக்காடு அது, பனைதான் பிழைப்பு. அங்கே பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்திய எலிசா, தாயிடம் கற்ற லேஸ் வேலையையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தார்.

இது வெறும் பொழுதுபோக்கு வேலை அல்ல. அப்போது நாகர்கோவில் திருவிதாங்கூர் ராஜ்ஜியத்தில் இருந்தது. அங்கே அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855இல்தான். அதற்கு முன்பே லேஸ் பின்னிய கூலியைச் சேர்த்து, தங்களைத் தாங்களே மீட்டுக்கொண்ட பெண்கள் உண்டு என்று மிஷன் வரலாறு சொல்கிறது.

என்னென்ன வேண்டும்?

கெட்டியாக அடைத்த ஒரு திண்டு, குண்டூசிகள், நூல் சுற்றிய சிறு குச்சிகள், ஓர் அட்டை. இந்த அட்டைதான் முக்கியம். ஊசி குத்த வேண்டிய இடமெல்லாம் அதில் துளையிட்டிருக்கும். கோலத்துக்குப் புள்ளி வைப்பதுபோல என்று வைத்துக்கொள்ளலாம். அட்டையைத் திண்டின் மேல் பொருத்திவிட்டு, புள்ளி புள்ளியாக முன்னேற வேண்டும்.

பின்னுவது எப்படி?

குச்சிகள் எத்தனை தொங்கினாலும் ஒரு நேரத்தில் கையில் எடுப்பது நான்குதான், அதாவது இரண்டு ஜோடி. அசைவும் இரண்டே. நடுவில் உள்ள இரண்டில் இடதுபுறத்தை வலதுபுறத்தின் மேல் போட்டால் ‘குறுக்கு’. ஒவ்வொரு ஜோடியிலும் வலதை இடதின் மேல் போட்டால் ‘முறுக்கு’. குறுக்கு, முறுக்கு, குறுக்கு என்று போட்டால் துணிபோல நெருக்கமான பின்னல். குறுக்கு, முறுக்கு என்று மட்டும் போட்டால் வலைபோல இடைவெளி விட்ட பின்னல். அட்டையில் அடுத்த துளை வந்ததும் ஊசியைக் குத்தி, அதைச் சுற்றிப் பின்னலை மூட வேண்டும். பின்னல் படிந்ததும் பின்னால் உள்ள ஊசிகளை உருவி முன்னால் குத்திக்கொள்ளலாம்.

அப்போ அட்டைதானே எல்லாம் செய்யுது?

பார்க்கிறவர்களுக்கு அப்படித்தான் தோணும். அமெரிக்காவில் மெத்தை விரிப்புகளுக்குத் தையல் போடும் நீளக்கை மெஷின்காரர்களிடமும் இதே கேள்வியைக் கேட்பார்கள். அங்கே நீளமான தாளில் ஒரே கோடாக டிசைன் அச்சிட்டிருக்கும். லேசர் புள்ளியை அந்தக் கோட்டின் மேல் நகர்த்திக்கொண்டே போனால், துணியில் அதே டிசைன் விழும். கேட்க சுலபம். ஆனால், கோட்டையே முறைத்துப் பார்த்தால் கை நடுங்கும். கொஞ்சம் முன்னால் பார்க்கணும். ஒரு வரிசை முடிந்து அடுத்த வரிசை தொடங்கும்போது இடைவெளி பிசகினால் மொத்த விரிப்பிலும் அது தெரியும்.

ரேந்தையிலும் அதே கதைதான். நூலின் இழுவை ஒரே சீராக இல்லையென்றால் ஓரம் நெளியும். குச்சிகளின் வரிசை மாறினால் அந்த இடம்வரை அவிழ்ப்பதைத் தவிர வழி இல்லை. அட்டை முடிந்துவிட்டால், பின்னிய பகுதியைத் தூக்கி மறுபடி ஆரம்பத்தில் வைத்துத் தொடர வேண்டும். அந்த ஒட்டு தெரியாமல் பின்னுகிறவர்தான் கைதேர்ந்தவர்.

அட்டையை யார் செய்வது?

உண்மையான சிக்கல் இங்கேதான். ஊசி குத்திக் குத்தித் துளைகள் பெரிதாகும், அட்டை நைந்துபோகும். பழைய அட்டையைப் புதியதன் மேல் வைத்துக் குத்தினால் ஒவ்வொரு துளையும் இம்மி விலகும். அப்படி எடுத்த நகலிலிருந்து இன்னொரு நகல் எடுத்தால் டிசைனே கோணிவிடும். அதனால் புள்ளிகளைக் கட்டம் போட்ட தாளில் எண்ணி, புதிதாக வரைந்து குத்துவதே சரி. நூலின் தடிமனுக்கு ஏற்றபடி புள்ளிகளின் இடைவெளியும் இருக்க வேண்டும். மெல்லிய நூலுக்குக் குத்திய அட்டையில் தடித்த நூலைப் போட்டால் பின்னல் அடைத்துக்கொள்ளும்.

பின்ன மட்டும் தெரிந்தவர், யாரோ கொடுக்கும் அட்டைக்காகக் காத்திருக்க வேண்டும். அட்டையும் குத்தத் தெரிந்தவர் தன் டிசைனைத் தானே முடிவு செய்யலாம். இங்கிலாந்தில் 1813இல் ஜான் லீவர்ஸ் உருவாக்கிய மெஷினின் வழியில் வந்த இயந்திரங்களோடு விலையில் கைவேலை போட்டிபோட முடியாது. தனக்கென்று ஒரு டிசைன் இருந்தால்தான் கைவேலைக்காரருக்குப் பேரம் பேச இடம் கிடைக்கும்.

எங்கே தொடங்குவது?

விரல் அகல நாடா ஒன்றைத் தடித்த பருத்தி நூலில் பின்னிப் பார்க்கலாம். இரண்டு நிற நூல் எடுத்தால் எந்தக் குச்சி எங்கே போகிறது என்று கண்ணுக்குத் தெரியும். கை பழகிய பிறகு, வீட்டுப் பெட்டியில் பழைய ரேந்தைத் துண்டு இருந்தால் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஊசி நின்ற இடங்கள் சிறு ஓட்டைகளாகத் தெரியும். அவற்றை எண்ணிக் கட்டத்தாளில் குறித்தால், தொலைந்துபோன ஓர் அட்டை திரும்பக் கிடைக்கும்.