கண்ணுக்கு மருந்தா, கடல் நத்தை ஓடு?

சீனாவின் பழைய பாணி மருந்துக்கடை ஒன்றுக்குள் நுழைந்தால், சுவர் முழுக்கச் சின்னச் சின்ன மர இழுப்பறைகள் தெரியும். ஒன்றில் வேர், ஒன்றில் மரப்பட்டை, ஒன்றில் காய்ந்த பூ. இன்னொன்றில் வெள்ளி, பச்சை, இளஞ்சிவப்பு என்று மின்னும் ஓட்டுத் துண்டுகள் கிடக்கும். அவை அபலோன் என்ற கடல் நத்தையின் ஓடுகள். சீன மருத்துவத்தில் இந்த ஓட்டுக்கு ‘ஷி ஜுவே மிங்’ என்று பெயர். கண் சிவந்தவர்களுக்கும், பார்வை மங்கியவர்களுக்கும், தலைச்சுற்றலும் தலைவலியும் உள்ளவர்களுக்கும் வைத்தியர்கள் இதைக் கொடுக்கிறார்கள். சுமார் 1500 ஆண்டுகளுக்கு முன் தாவ் ஹோங்ஜிங் என்ற அறிஞர் தொகுத்த மருந்து நூலிலேயே இது இடம்பெற்றுவிட்டது.

நத்தை ஓட்டுக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம்? வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

காது வடிவ நத்தை

அபலோன் கடலோரப் பாறைகளில் வாழ்கிறது. அதன் ஓடு மனிதக் காதின் வடிவில், தட்டையாக இருக்கும். அடியில் ஓர் அகலமான தசைப் பாதம் உண்டு. அதனால் பாறையை இறுகப் பற்றிக்கொள்ளும். அலை அடித்தாலும் அசையாது. உணவு கடற்பாசி.

ஓட்டின் ஓரத்தில் வரிசையாகத் துளைகள் இருக்கும். உள்ளே வரும் தண்ணீர் செவுள்களைத் தொட்டுவிட்டு, கழிவையும் சேர்த்துக்கொண்டு இந்தத் துளைகள் வழியாக வெளியேறும். நத்தை வளர வளர முன்பக்கம் புதுத் துளை உருவாகும். பின்பக்கம் பழையது அடைபடும். மன்னார் வளைகுடாப் பாறைகளிலும் அபலோனின் சிறிய இனம் ஒன்று வாழ்கிறது.

சீனாவில் அபலோன் கறி விருந்துக்குரிய உயர்ந்த உணவு. ஃபூஜியன் மாகாணக் கடலோரத்தில் பெரிய அளவில் இதை வளர்க்கிறார்கள். கறி சமையலறைக்குப் போகிறது, ஓடு மருந்துக்கடைக்குப் போகிறது.

வைத்தியர்களின் கணக்கு

சீன மருத்துவம் கல்லீரலையும் கண்ணையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கிறது. கல்லீரலின் சூடு மேலே ஏறினால் கண் சிவக்கும், தலை சுற்றும் என்பது அதன் விளக்கம். மேலே ஏறுவதைக் கீழே இழுக்கக் கனமான பொருள் வேண்டும். ஓடு கனமானது, கடலிலிருந்து வருவதால் குளிர்ச்சியானது என்று கருதினார்கள். உடலுக்குள் பார்க்கும் கருவியோ, ரத்தப் பரிசோதனையோ இல்லாத காலத்தில், கண்ணால் கண்டதை வைத்து யோசித்து அவர்கள் போட்ட கணக்கு இது.

ஓட்டைக் கழுவி உடைப்பார்கள். சில சமயம் நெருப்பில் சுட்டு நொறுக்குவார்கள். கஷாயம் வைக்கும்போது மற்ற மூலிகைகளுக்கு முன்பே இதைப் பானையில் போட்டுக் கொதிக்கவிடுவார்கள். ஓடு கடினம், அதன் சாரம் எளிதில் இறங்காது என்பதுதான் காரணம்.

ஓட்டுக்குள் என்ன இருக்கிறது?

அபலோன் ஓட்டில் 90 சதவீதத்துக்கும் மேல் கால்சியம் கார்பனேட். சுண்ணாம்புக்கல், பளிங்குக்கல், கோழிமுட்டை ஓடு எல்லாம் இதே பொருள்தான்.

ஆனால் அடுக்கியிருக்கும் விதம் அற்புதம். ஓட்டின் உள்பக்கத்தில் கால்சியம் கார்பனேட் மெல்லிய தகடுகளாக, கொத்தனார் செங்கல் சுவர் எழுப்புவதைப் போல அடுக்கப்பட்டிருக்கிறது. செங்கல்லுக்கு நடுவில் பூசிய சாந்து இருக்கும் இடத்தில் இங்கே புரதம். ஒரு மில்லிமீட்டரை 2000 பாகமாக்கினால் ஒரு பாகம் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவுதான் ஒரு தகட்டின் கனம். அத்தனை மெல்லிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்பும்போதுதான் அந்த வானவில் நிறங்கள் தோன்றுகின்றன. உள்பக்கத்தில் சாயம் எதுவும் பூசப்படவில்லை!

ஒரு சோதனை செய்து பாருங்கள். கடற்கரையில் கிடக்கும் ஏதாவது ஒரு சிப்பித் துண்டை எடுத்துக் கண்ணாடி டம்ளரில் போட்டு, அது மூழ்கும்வரை வினிகர் ஊற்றுங்கள். குமிழ்கள் கிளம்பும். வினிகரில் உள்ள அமிலமும் ஓட்டின் கால்சியம் கார்பனேட்டும் சேரும்போது கரியமில வாயு வெளியேறுகிறது. அந்த நேரத்தில் அமிலத்தின் புளிப்பும் குறைகிறது.

நம் வயிற்றில் இருப்பதும் அமிலம்தான்: ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது உணவுக்குழாய்க்குள் மேலேறி வந்தால் நெஞ்செரிச்சல் வரும். அப்போது மருத்துவர் கொடுக்கும் சில மாத்திரைகளில் கால்சியம் கார்பனேட் இருக்கிறது. சீன வைத்தியர்களும் வயிற்றெரிச்சலுக்குக் கணவாய் மீனின் உள்ளோட்டைக் கொடுத்திருக்கிறார்கள். நம் சித்த மருத்துவத்தில் சங்கைச் சுத்திசெய்து, புடம் போட்டு எடுக்கும் சங்கு பற்பமும் வயிற்று நோய்களுக்குப் பயன்படுகிறது. இந்த இடத்தில் பழைய அனுபவமும் இன்றைய வேதியியலும் ஒத்துப்போகின்றன.

அப்படியானால் கண்?

இப்போது கூர்ந்து கவனியுங்கள். கணவாய் ஓடும் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அபலோன் ஓடும் அதேதான். ஒன்று வயிற்றுக்கு, மற்றது கண்ணுக்கு என்று எப்படிப் பிரிந்தன?

இரண்டு பதில்கள் இருக்கலாம். ஓட்டில் மிச்சமிருக்கும் சிறு பங்கில், அதாவது புரதங்களிலும் மற்ற தாதுக்களிலும், ஏதோ ஒன்று கண்ணுக்கு உதவலாம். அல்லது கூடவே சேர்க்கும் மூலிகைகள் வேலை செய்ய, பெயர் ஓட்டுக்குப் போயிருக்கலாம். தலைச்சுற்றலுக்குக் கொடுக்கும் ‘தியன் மா கோ தெங் யின்’ என்ற கஷாயத்தில் 11 பொருள்கள் இருக்கின்றன. அபலோன் ஓடு அவற்றில் ஒன்றுதான். குடித்தவருக்குக் குணமானால், 11 பேரில் யாருக்கு மாலை போடுவது?

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஒரே நோய் உள்ளவர்களை இரண்டு குழுவாகப் பிரிக்க வேண்டும். ஒரு குழுவுக்கு ஓடு சேர்த்த மருந்து, மற்றதற்கு ஓடு சேர்க்காத அதே மருந்து. யாருக்கு எது போகிறது என்று நோயாளிக்கும் தெரியக்கூடாது, கொடுப்பவருக்கும் தெரியக்கூடாது. பிறகு இரு குழுக்களையும் ஒப்பிட வேண்டும். இப்படிப்பட்ட சோதனையில் தேறினால்தான் ஓட்டைக் கண் மருந்து என்று உறுதியாகச் சொல்லலாம். பல நூற்றாண்டுப் பழக்கம் ஒரு நல்ல கேள்வியைத் தருகிறது. பதிலைச் சோதனைதான் தர வேண்டும்.

பழைய பழக்கம் தந்த கேள்விக்குச் சோதனையில் பதில் தேடியவர் சீன விஞ்ஞானி தூ யூயூ. மலேரியாவுக்கு மருந்து தேடிப் பழைய நூல்களைப் புரட்டினார். சுமார் 1600 ஆண்டுகளுக்கு முந்தைய நூல் ஒன்று, ஒரு செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழியச் சொன்னது. கொதிக்க வைத்தால் மருந்துச் சத்து கெட்டுவிடுமோ என்று யோசித்தார். அதிகச் சூடில்லாமல் சாரம் எடுத்து, விலங்குகளிடம் சோதித்து, பிறகு தாமே குடித்தும் பார்த்தார். அப்படிக் கிடைத்த ஆர்ட்டிமிசினின் என்ற மருந்து லட்சக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றியது. 2015-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பழைய நூலை அவர் மதித்தார். மதித்ததால்தான் அதைச் சோதித்தும் பார்த்தார்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை: சிப்பியையோ சங்கையோ நீங்களாகப் பொடி செய்யவோ, சாப்பிடவோ கூடாது. ஓட்டுத் தூள் மூச்சில் போனால் நுரையீரலுக்குக் கெடுதல். கண் சிவந்தாலோ பார்வை மங்கினாலோ உடனே கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

உங்களுக்கு ஒரு வேலை

ஒரே அளவுள்ள இரண்டு முட்டையோட்டுத் துண்டுகளை எடுங்கள். ஒன்றை அப்படியே ஒரு டம்ளரிலும், மற்றதைக் கையால் நன்றாக நொறுக்கி இன்னொரு டம்ளரிலும் போட்டு, சம அளவு வினிகர் ஊற்றுங்கள். எதில் குமிழ்கள் வேகமாக வருகின்றன? ஏன்? அதைக் கண்டுபிடித்துவிட்டால், சீன வைத்தியர்கள் அபலோன் ஓட்டை நொறுக்கிய பிறகே பானையில் போட்டதற்கான காரணத்தையும் உங்களால் சொல்லிவிட முடியும்.