மாற்றக் குறிப்பும் மூடப்படும் முறைப்பாடும்

வத்தளையில் ஒருவர் தம் கணினித் திரையில், தமிழ் எழுத்தின் கொம்பு ஒரு புறமும் மெய் ஒரு புறமுமாகப் பிரிந்து நிற்கக் காண்கிறார் எனக் கொள்வோம். அவர் கையாள்வது டெபியன் என்னும் இயக்கத் தொகுதி. 1993-ஆம் ஆண்டில் இயன் மர்டொக் என்பார் தொடங்கியது, தொண்டர்களாற் பேணப்படுவது. அவர் குறையை எழுதியனுப்பினால் அதற்கோர் எண் இடப்படும். 2021-இல் அவ்வெண்கள் 10 இலட்சத்தை எட்டின. இத்தகைய பிழையை 'வழு' என்பர். இலக்கணம் பயின்றார்க்கு இச்சொல் புதிதன்று.

குறையைத் தீர்த்த பொறுப்பாளர் புதிய பதிப்பை அனுப்புங்கால், தாம் செய்தவற்றை மாற்றக் குறிப்பில் எழுதுதல் வேண்டும். அவ்வரியின் இறுதியில் 'குளோசஸ்' என்ற ஆங்கிலச் சொல்லையும், முக்காற்புள்ளியையும், முறைப்பாட்டின் எண்ணையும் இட்டாற் போதும். பதிப்பு களஞ்சியத்தில் ஏற்கப்பட்டதும், இயந்திரமே அவ்வரியைப் படித்து முறைப்பாட்டை மூடிவிடும். முறையிட்டவருக்கு மாற்றக் குறிப்புடன் மின்மடலும் செல்லும். தனியே ஒருவர் அமர்ந்து பதில் எழுத வேண்டுவதில்லை.

வசதிதான், ஆயினும் இயந்திரம் எண்ணைப் பார்க்குமேயன்றி, கொம்பு உரிய இடத்துக்கு வந்ததா என்று பாராது. ஓர் இலக்கம் பிசகினால், வேறெவரோ ஒருவருடைய தீராக் குறை தீர்ந்ததாக மூடப்படும். பின்னர் அதனை மீளத் திறத்தல் வேண்டும். விளக்கம் ஏதுமின்றி எண்களை மட்டும் அடுக்கிவிடுவோரும் உளர். 'கொம்பு இடம் மாறித் தோன்றியதைத் திருத்தியது' என்று ஒரு வரி எழுத எவ்வளவு நேரமாகும்? முறையிட்டவர் கையில் எஞ்சுவது அவ்வொரு வரியே. இப்பதிப்பில் செய்யாத திருத்தத்தைச் சாட்டி முறைப்பாட்டை மூடுவதும் முறையன்று. அதற்குக் காரணம் கூறித் தனிமடல் அனுப்புதலே டெபியன் வழக்கு.

இன்னொன்று. 2005 முதல், எப்பதிப்பில் வழு நீங்கியது என்பதும் பதியப்படுகின்றது. ஆகவே 'மூடப்பட்டது' என்பது புதிய பதிப்பைப் பற்றிய கூற்றே. முந்திய நிலையான வெளியீட்டைக் கையாள்வோர் திரையில், அத்திருத்தம் அங்கும் சேர்க்கப்படும் வரை, கொம்பு விலகியே நிற்கும்.